போகாதீங்க பிரிவில் கடைசி மாதம்

ஜூன் 3, திங்கள்

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். எங்கள் மேனேஜர் லூர்துராஜ் சார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி வாங்கினார், படித்தார், "நோட்டட்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். கூட வேலைபார்க்கும் சங்கரபாண்டி கல்யாணப் பத்திரிகை வைத்தபோதும் நோட்டட்தான். ஆகையால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

காரணம் என்று 'குடும்பச் சூழல்' என எழுதியிருந்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "வீட்ல நீயும் நானுந்தான இருக்கோம். அப்ப சூழல்னா நாந்தானா?" என்று சண்டைக்கு வந்தாள்.

சென்னையில் வேறொரு செல்போன் கம்பெனி. பெருங்குடியில் ஆபீஸ், டீம் லீடர் வேலை, சம்பளமும் கூடுதல். இங்கே ஜூலை இரண்டாம் தேதியோடு கடைசி. அதுவரைக்கும் எழுதிவைக்கலாம் என்று இந்த டைரியை எடுத்திருக்கிறேன். மனசு நிம்மதியாக இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

எங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிவைக்க வேண்டும். பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்துபோயிருக்கும். எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில், சென்னையில் இருப்பது இல்லை, இரண்டாவது மாடி. யாராவது தங்கள் நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போக நினைத்து போர்ட் மெசேஜ் அனுப்பினால், அது எங்கள் திரையில் வந்து விழும். உடனே கூப்பிட்டு, போகாதீங்க சார், போகாதீங்க மேடம் என்று பேசி நிறுத்த வேண்டும். பிரிவுக்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நாங்கள் வைத்த பெயர் போகாதீங்க பிரிவு.

இதில் நான் கெட்டிக்காரி. தற்பெருமை இல்லை, அதிகம் பேரை நிறுத்தியவர் பெயரை எழுதுகிற சுவர்ப்பலகை ஒன்பது வருஷமாகச் சொல்கிறது. போகிறேன் என்பவர் முதலில் சொல்லும் காரணம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது கோபத்தில் வருவது. பொறுமையாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று சொல்வார், அதுதான் நிஜம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

எங்களுக்குள் ஒரு சட்டமும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன், பக்கத்து மேஜைத் தோழி ஷமீமாவுக்கு நாகர்கோவிலில் பேங்க் வேலை கிடைத்தது. நான் டீக்கடையில் உட்காரவைத்துப் பேசிப் பேசி நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது, நான் பேசியது அத்தனையும் ஸ்கிரிப்ட் என்று. 'உங்க மனசு எனக்குப் புரியுது' என்ற வரியைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறேன். "நான் என்ன கஸ்டமராட்டி ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு, எங்கள் எல்லோர் தலையிலும் ஹெட்செட்டை மாட்டவைத்துச் சத்தியம் வாங்கினாள். நம்ம வேலையை நம்மாட்கள்மேல் காட்டக்கூடாது. ஒருவர் போகிறேன் என்றால் நல்லா இரு என்று சொல்லி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைக்கு ஷமீமா என்னிடம் சொன்னது அதைத்தான். "நல்லா இரு." சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் டிராயரைப் படாரென்று சாத்தினாள். அந்த டிராயர் எப்போதுமே கொஞ்சம் இறுக்கம்.

ஜூன் 7, வெள்ளி

இன்று 'ஃபன் ஃப்ரைடே'. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது தலைமை அலுவலக உத்தரவு. மஞ்சள் உடை. நாற்காலியைச் சுற்றி ஓடும் விளையாட்டு. நடுவில் போன் வந்தால் ஓடியவர் ஓடிப்போய் எடுக்க வேண்டும். சங்கரபாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே பேசியதில், போனில் அந்தப் பக்கம் இருந்த ஒரு அம்மா பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்குப் போப்பா, நான் வேற கம்பெனிக்கு மாறல" என்று சொல்லிவிட்டார்களாம். ஜெயித்தது அவன்தான்.

இந்த ஆபீஸை விட்டுப் போவதற்குக் காரணமா இல்லை? ஹெட்செட்டைப் பங்குபோட வேண்டியிருக்கிறது. பாத்ரூமுக்குப் போனால் திரையில் சிவப்பு. ஏ.சி. என் தலைக்கு நேராக மட்டும் பொழியும். சிரித்துக்கொண்டே பேசுகிறோமா என்று பார்க்க ஆளுக்கொரு கண்ணாடி மேஜைமேல் வைத்திருக்கிறார்கள்; காலை எட்டு மணியிலிருந்து என் மூஞ்சியை நானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோபம் கோபமாக வருகிறது.

ஜூன் 10, திங்கள்

லேசாகச் சாரல். இன்று எதையோ தேடும்போது மே மாத வருகைப் பட்டியல் கண்ணில் பட்டது. மே மாதம் வைரஸ் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்தேன். அந்த வாரம் ஷமீமாவும் ஊரில் இல்லை, காயல்பட்டினத்தில் அவள் தங்கச்சி கல்யாணம். நான் திரும்பி வந்தபோது என் இடத்தில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். லூர்துராஜ் சார் என்னைப் பார்த்து, "நீங்க லீவுலயா இருந்தீங்க?" என்றார்.

அதற்கும் ராஜினாமாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஞாபகம் வந்ததால் எழுதினேன்.

ஜூன் 12, புதன்

இன்றைக்குக் கடையம் நயினார் வந்துவிட்டார். நேரில் இல்லை, திரையில். கடையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பதுபோல, தவறாமல் போர்ட் மெசேஜ் அனுப்பிவிடுவார். நான் கூப்பிடுவேன், கெஞ்சுவேன், அவர் யோசிப்பார், இருப்பார். அடுத்த மாதம் மறுபடியும்.

போகப்போகிறவள்தானே என்ற தைரியத்தில் இன்று கேட்டே விட்டேன். "அண்ணாச்சி, ஒங்களுக்கு நெசமாவே போற எண்ணம் இருக்கா, இல்லையா?"

"எங்க போவப்போறேன்?" என்றார் சிரித்துக்கொண்டே. "நல்ல கம்பெனிதான. சிக்னலும் கெடைக்கி."

"பொறகு எதுக்கு மாசாமாசம் எங்க உயிர எடுக்கிய?"

"கடையில காலையில இருந்து நான் எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டுக் கெடக்கேன். எனக்கு யாரும்மா சொல்லுதா? ஒரு கம்பெனியே போனப் போட்டு எங்கள விட்டுப் போயிராதீங்கன்னு சொல்லுதுல்லா, அது ஒரு சொகம் பாத்துக்கோங்க."

நல்ல மனுஷன், ஆனால் கொஞ்சம் கிறுக்கு. வேண்டும் என்றே மெசேஜ் அனுப்பிவிட்டு எவராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டிருப்பார்களா?

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

ஜூன் 14, வெள்ளி

ஷமீமா இன்றும் தனியாகவே சாப்பிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மா தெரு முழுவதும் சொல்லிவிட்டாள். மாவு மில்லில் என்னைப் பார்த்தவர்கள், சென்னையில் எந்த ஏரியா, தண்ணி எப்படி என்று கேட்கிறார்கள். நான் என்ன கண்டேன்! "ஒங்க ஆபீஸ்ல விட்டுட்டாங்களாட்டி? போவாதன்னு சொல்லலியா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள்.

"அங்க அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சட்டம்" என்றேன்.

"இது என்னட்டி கூறுகெட்ட சட்டமா இருக்கு" என்றாள் அத்தை. படிக்காதவர்களுக்கு ஆபீஸ் விஷயம் புரியாது. எனக்கும் சில நேரம் புரிவதில்லை.

ஜூன் 19, புதன்

ஷமீமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. களக்காட்டிலிருந்து ஒருவர், நெட் மெதுவாக இருக்கிறது, நான் போகிறேன் என்றிருக்கிறார். இவள், "போறவங்கள யாரு புடிச்சு வைக்க முடியும்? எங்க இருந்தாலும் நல்லா இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். லூர்துராஜ் சார் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். அவர் எழுந்து நான் பார்த்ததே கிடையாது, இவ்வளவு உயரமான ஆளா!

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு பிரச்சினையும் இல்ல. நீ நல்லா இரு" என்றாள். இதோடு எத்தனையாவது நல்லா இரு என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் என்னை நன்றாக இருக்கச் சொல்லாத ஆளே பாக்கி இல்லை.

கொஞ்சம் அழுகையாக வந்தது. ஏ.சி. காற்று கண்ணில் பட்டால் அப்படித்தான்.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேரோட்டம். பாதி ஊர் டவுனில் தேர் இழுத்துக்கொண்டிருக்கிறது, எங்களுக்கு லீவு கிடையாது. சங்கரபாண்டி மட்டும் காலையிலேயே வடம் தொட்டுவிட்டு நெற்றி நிறைய திருநீறோடு வந்தான். "எக்கா, ஒங்களுக்காவ ஒண்ணு வேண்டிக்கிட்டேன்" என்றான்.

"என்னன்னு?"

"சொல்லப்பிடாதுக்கா. சட்டம் இருக்குல்லா."

ஜூன் 24, திங்கள்

சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். அங்கே வேலைக்குச் சேருகிறவர்கள் அவர்கள் சிம்தான் வைத்திருக்க வேண்டுமாம். புது சிம் இலவசமாகத் தருவார்களாம், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லையாம்.

எனக்கு என் நம்பர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காலேஜ் படிக்கும்போது வாங்கிய நம்பர், எங்கள் கம்பெனி நம்பர்தான். மாற்றினால் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டும்! கேஸ் ஏஜென்சிக்கு, பேங்குக்கு, தையல்கடைக்கு. ஆகையால் என் நம்பரையே போர்ட் செய்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 26, புதன்

போர்ட் மெசேஜ் அனுப்பினேன்.

நாளைக்கு அந்த ஊதாச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று தேய்த்துவைத்திருக்கிறேன். எனக்கு அது நன்றாக இருக்கும் என்பார்கள்.

ஜூன் 27, வியாழன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் நம்முடைய சிஸ்டம் ரொம்பவே மெதுவாக இருக்கிறது. வாடிக்கையாளர் மெசேஜ் அனுப்பி ஒரு நாள் ஆகியும் கூப்பிடவில்லை என்றால் அவர் எப்படி நம்மிடம் இருப்பார்? யாராவது மேலே சொல்ல வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

பதினொன்றரை மணி இருக்கும். டீ வந்திருந்தது. சங்கரபாண்டி திடீரென்று, "எக்கா!" என்று கத்தினான். ஹால் முழுவதும் திரும்பியது. "எக்கா, இது ஒங்க நம்பர்! ஒங்க நம்பர் எங்கிட்ட போர்ட்ல வந்து விழுந்திருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போர்ட் மெசேஜ் அனுப்பினால் அது எங்கள் பிரிவுக்குத்தான் வரும் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஒன்பது வருஷம் அதே வேலை பார்ப்பவளுக்கு எப்படி மறந்தது என்று யார் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

எல்லோரும் ஓடிவந்து சங்கரபாண்டியின் நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கம்பெனி விதிப்படி, வந்த நம்பரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். எங்கள் சட்டப்படி பேசவே கூடாது. அவன் மௌசைப் பிடித்தபடி முழித்தான். கடைசியில் எல்லோரும் லூர்துராஜ் சாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஸ்டாஃப் வேற, கஸ்டமர் வேற" என்றார். "கஸ்டமர்னு வந்துட்டா கூப்பிட்டுத்தான் ஆவணும்."

அடுத்த நிமிஷம் ஷமீமா, சங்கரபாண்டியின் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கினாள். அவனை நாற்காலியோடு ஒரு தள்ளு. சக்கரம் உருண்டு தண்ணீர் கேன்வரை போய்விட்டான். இவள் நின்றுகொண்டே பட்டனை அமுக்கினாள். என் கைப்பையில் போன் அடித்தது.

எங்களுக்கு நடுவில் இரண்டு மேஜைகள்தான். அவள் முகம் எனக்குத் தெரிகிறது, என் முகம் அவளுக்குத் தெரிகிறது. எடுத்தேன்.

"வணக்கம், ஆவுடைச்செல்வி மேடமா? நான் ஷமீமா பேசுறேன். தரத்துக்காகவும் பயிற்சிக்காகவும் இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. எங்க சேவையிலிருந்து நீங்க விலக விண்ணப்பிச்சிருக்கீங்க. காரணம் தெரிஞ்சுக்கலாமா?"

"குடும்பச் சூழல்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ஷமீமா சிரிக்கவில்லை. "சரிங்க மேடம். அது தவிர வேற ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஏ.சி. என் தலையிலதான் ஊத்துது. ஹெட்செட் நாறுது. போன மாசம் ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேன். நான் இல்லங்கறதே இங்க ஒருத்தருக்கும் தெரியல. திரும்பி வந்தா லீவுலயா இருந்தீங்கன்னு கேக்காங்க." சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. லூர்துராஜ் சார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

ஷமீமா ஒன்றும் பேசவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான்: இரண்டாவது காரணம் முடிந்ததும் பேசக்கூடாது, காத்திருக்க வேண்டும். காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒம்பது வருசமா ஊர்ல உள்ள அத்தன பேரையும் போவாதீங்க போவாதீங்கன்னு சொல்லிட்டிருக்கேன்" என்றேன். "மொகம் தெரியாதவங்களக்கூட. நான் போறேன்னு எழுதிக் குடுத்து இத்தன நாளாச்சு. எல்லாரும் நல்லா இரு, நல்லா இருங்கிய. ஒரு ஆளாவது போவாதன்னு சொல்லுவியன்னு பாத்துட்டே இருந்தேன்."

மூன்றாவது காரணம் வந்துவிட்டது. எனக்கே அது வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் ஸ்கிரிப்டில் ஒரு வரி உண்டு. ஷமீமா ஆரம்பித்தாள். "உங்க மன..." அதற்குமேல் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரையில் சிவப்பு மின்னியது, பேச்சு நின்றால் அப்படி மின்னும். யாரும் அதைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, இரு" என்றாள். "போவாத."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் சொல்லும்போது அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

"இத ஏன்ட்டி இவ்வளவு நாளா சொல்லல?" என்றேன்.

"சட்டம் போட்டதே நாந்தானட்டி! போட்ட நானே எப்படி மீறுவேன்? ஒம்மூஞ்சியப் பாத்தா சொல்லிருவேன்னுதான் தனியா உக்காந்து சாப்பிட்டேன். ஒழுங்காச் சோறு எறங்கலை எனக்கு. களக்காட்டுக்காரரு வேற எங்கிட்ட மாட்டிக்கிட்டாரு பாவம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர் கேன் பக்கத்திலிருந்து சங்கரபாண்டி, "நானும் சொல்லுதேன்க்கா, போவாதீங்க, தேர்லயே வேண்டிக்கிட்டேன்!" என்று கையை உயர்த்தினான். புதிதாக வந்த பெண், என் இடத்தில் உட்கார்ந்தவள், "எக்கா, நான் சீட்டு மாறிக்கிடுதேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏட்டி ஷமீ, இன்னொருக்கச் சொல்லு" என்றேன் போனில்.

"கொன்னுருவேன். எல்லாம் ரெக்கார்டாவுது, வேணும்னா போட்டுக் கேட்டுக்கோ" என்று சொல்லி, இந்த அழைப்பில் இணைந்ததற்கு நன்றியும் சொல்லி வைத்தாள்.

ஜூன் 29, சனி

காலையில் சென்னைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். "ஓகே மேடம்" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். ஏன் என்று ஒரு கேள்வி இல்லை! அதுவும் ஒரு செல்போன் கம்பெனி. அங்கே போய் நான் என்ன பாடுபட்டிருப்பேனோ.

ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள லூர்துராஜ் சாரிடம் போனேன். கடிதத்தை மேஜைமேல் எடுத்தே வைத்திருந்தார், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவே இல்லையாம். ஏன் சார் என்று கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றார். மறப்பதில் நானும் அவரும் ஒரே ஜாதிதான். நான் கதவுவரை வந்த பிறகு கூப்பிட்டார்.

"செல்வி, உங்களுக்குப் போன மாசம் என்ன காய்ச்சல்?"

"வைரஸ் காய்ச்சல் சார்."

"இப்பப் பரவாயில்லையா?"

"பரவாயில்ல சார்."

"வர்ற புது பேட்ச்சுக்கு நீங்கதான் பயிற்சி குடுக்கணும். முழுப்பொறுப்பு. மேல எழுதிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "லீவு போட்டா எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க. நானும் பண்ணிக் கேக்கேன்."

ஷமீமாவின் சட்டத்தில் ஒரு திருத்தமும் கொண்டுவந்திருக்கிறோம். போகிறேன் என்பவரிடம் ஸ்கிரிப்ட் பேசக்கூடாது, அது அப்படியே இருக்கும். ஆனால் போகாதே என்று ஒரு தடவை கட்டாயம் சொல்ல வேண்டும். மறுபடியும் எல்லோரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சத்தியம் செய்தோம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், பதிவான அழைப்புகளைக் கேட்கிற அறைக்குப் போனேன். ஒரு சந்தேகம் இருந்தது, சரிபார்க்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஷமீமா வந்து தட்டினாள்.

"ஏட்டி, சோறு ஆறுது. எத்தன மட்டம்தான் அதையே திருப்பித் திருப்பிக் கேப்ப?"

"இப்பத்தான் மொத மட்டம்" என்றேன்.